ஈமெயிலை மூடாமல் போகிறவர்கள்

சைபர் கஃபே கவுண்டரில் உட்காருவது, ஊரார் திறந்துபோட்டுப் போன கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போகிற வேலை. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்காரர் ஆறு கம்ப்யூட்டர் போட்டார். சமையல் முடிந்ததும் காவலுக்கு நான். நான் படித்த கான்வென்ட்டில் கதவைச் சாத்தாமல் வந்தால் சிஸ்டர் திருப்பி அனுப்புவார். இங்கே ‘சைன் அவுட் செய்யவும்’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியும் ஒருவரும் கேட்கவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து வயிறெரிந்த சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

கைக்குட்டை

மணி இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஈமெயிலைத் திறந்தபடி விட்டு, கீபோர்டின் மேல் கைக்குட்டையை விரித்துவிட்டு, எதிர்க்கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவான், பஸ்ஸில் இடம் போடுகிற மாதிரி. “யாராவது உட்கார்ந்து உன் கடிதத்தையெல்லாம் படிச்சா?” என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

“கைக்குட்டை கிடக்குல்ல ஆன்டி? அதுக்கு மேல எவன் உட்காருவான் லா?”

ஞாபகம்

கிள்ளானிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், ‘இந்தக் கம்ப்யூட்டரில் என்னை ஞாபகம் வைத்துக்கொள்’ என்ற கட்டத்தில் தவறாமல் டிக் போடுவார். “அங்கிள், இது உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் இல்லை. நீங்க போன பிறகு எவனும் உங்க பேர்ல எழுதலாம்” என்றேன்.

“என் பிள்ளைங்களே என்னை ஞாபகம் வச்சுக்கறதில்ல. இதாவது கேக்குது, வேணாம்னா சொல்றது?”

போட்டு வாறன்

ராசம்மா டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர்; ‘போய் வருகிறேன்’ என்பதை ‘போட்டு வாறன்’ என்பார். மகளுக்கு லண்டனில் மாப்பிள்ளை பார்த்து, அவன் தாயாரோடு ஈமெயிலில் பேச்சு. ஜாதகம் பொருந்திவிட்டது, அந்த அம்மாளின் ஒரு ‘சரி’தான் பாக்கி. அவரும் சைன் அவுட் செய்யமாட்டார்.

“நல்ல காரியம் கதைக்கேக்க ‘வெளியில போறன்’ எண்டு அமத்தலாமோ, பிள்ளை? ‘போட்டு வாறன்’ எண்டு ஒரு பட்டன் இருக்கோ?”

ஆயுள் காப்பு

டீச்சர் எழுந்த அதே நாற்காலியில் ஒருநாள் மணி வந்து உட்கார்ந்தான். ஈமெயில் திறந்திருந்தது. தன்னுடையதை என்றைக்கு மூடியிருக்கிறான்? தன்னுடையதுதான் என்று நினைத்து, பெயரைக்கூடப் பார்க்காமல், அதிலிருந்த முகவரிகளுக்கெல்லாம் தன் வழக்கமான கடிதத்தைத் தட்டிவிட்டான். டீச்சர் பெயரில் லண்டனுக்குப் போனது இது: “உங்களுக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்தின் கதி என்ன?”

மறுநாள் பதில். “சம்பந்தமே இன்னும் முடியேல்லை, அதுக்குள்ள என்னைக் கொல்லுறியளோ?” டீச்சர் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். கடிதத்தின் அடியில் இருந்த பெயரைப் பார்த்து மணியை இழுத்துவந்து நிறுத்தினேன். நடந்ததையெல்லாம் விளக்கி, கான்வென்ட்டில் கற்ற பணிவு முழுவதையும் செலவழித்து, டீச்சருக்காக மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று நாள் டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் யாரையும் திட்டவில்லை. நான்காம் நாள் வந்தது லண்டன் பதில்:

“சரி, நாள் பாருங்கோ. அந்த ஏஜெண்டை மட்டும் கலியாணத்துக்குக் கூப்பிடாதேங்கோ.”

இப்போது டீச்சர் சைன் அவுட்டை அழுத்திவிட்டு, திரையைப் பார்த்து “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டே எழுந்திருக்கிறார். மணியும் ஈமெயிலை மூடிவிட்டுத்தான் கைக்குட்டை போடுகிறான்.