கரண்டுக்காரி வீட்டு ஃபியூஸ்

தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்பே சோலார் பலகைகளுக்கு முகம் கழுவிவிடுகிறாள் கரண்டுக்காரி. பறவை எச்சத்தை ஈரத்துணியால் தேய்த்தபடி, "பல்லு விளக்காம வேலைக்கு வந்தா எப்படி?" என்று பலகையை அதட்டுகிறாள். மனிதர்களிடம் அவளுக்கு அவ்வளவு பேச்சில்லை.

ஆற்றங்கரைத் தகரக் கொட்டகைதான் அவள் ராஜ்யம். வெளியூர்க் கம்பி எதுவும் எட்டாத அந்தக் கரைக்கு வெளிச்சம் அங்கிருந்துதான் போகிறது. எல்லாவற்றுக்கும் அவளிடம் உறவுமுறை உண்டு. வெயில், மாமனார். நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவார். ஆற்றில் மிதவையின் அடியில் சுழலும் விசிறி, மாமியார். இரவும் பகலும் ஓயாத வாய். இருவரும் கொடுப்பதை வாங்கிப் பூட்டிவைக்கும் பேட்டரி வரிசை, கெட்டிக்கார மருமகள். மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் டீசல் இன்ஜின், குடிகார மச்சான். "அவனை எழுப்பினா வீட்டையே குடிச்சிடுவான்" என்பாள்.

மீட்டர் முள் திடுக்கென்று சாய்ந்தால் போதும், இஸ்திரிப் பெட்டி போட்ட வீட்டு வாசலில் போய் நிற்பாள். சண்டை கிடையாது. அந்த வீட்டு ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். மறுநாள் விடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். பக்கத்து வீட்டில் இருக்கும் நிஜ நாத்தனாருக்கும் ஒருநாள் அதே கதிதான். "எங்கண்ணன் பொண்டாட்டியாச்சேன்னு பார்க்கிறேன்" என்று அன்றைக்குப் பல்லைக் கடித்தாள் நாத்தனார்.

இந்த மழையில் மாமனார் தலைகாட்டவே இல்லை. ஊர் பிடித்த மீனெல்லாம் உறைபெட்டியில் இருந்தது. சந்தைப் படகு மறுநாள்தான் வரும். ஆறு நிரம்பி ஓடியும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. இன்ஜினைப் போடச் சொல்லி மீன்காரர்கள் நச்சரித்தார்கள். டிரம்மில் மிச்சமிருந்த டீசல் பிரசவ அறைக்கென்று வைத்தது. அவள் குடையை விரித்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள். பின்னாலேயே ஊரும் இறங்கியது.

விசிறிக்கு நேர் முன்னால், மிதவையின் இரும்பு வளையத்தில் ஒரு படகு கட்டிக்கிடந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, இருப்பதிலேயே உறுதியான வளையமாகப் பார்த்துக் கட்டியிருந்தார் ஓடக்காரர். அவள் புருஷன். விசிறிக்கு வரவேண்டிய தண்ணீர் படகின் வயிற்றில் முட்டி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மாமியார் வாயையே அடைச்சிட்டீங்களே" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கயிற்றை அவிழ்த்தார். முள் ஏறத் தொடங்கியது, மீன் பிழைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள்.

நாத்தனார் மட்டும் நகரவில்லை. "சரி அண்ணி, இப்ப யார் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கப் போறீங்க?"

அந்தி சாய்ந்ததும் கரை முழுக்க விளக்கு எரிந்தது, ஒரு வீட்டைத் தவிர. நாத்தனார் வீட்டு ஜன்னல் கொடுத்த கொஞ்ச வெளிச்சத்தில், வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார் ஓடக்காரர்.

"சாப்பிடுற வரைக்குமாவது..." என்று இழுத்தார்.

அவள் முந்தானை முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள். பிறகு அவர் தட்டைத் தன் மடிக்கு வாங்கி, இருட்டில் விரலால் தடவித் தடவி மீனிலிருந்து முள்ளெடுக்க ஆரம்பித்தாள்.