தொடுவதற்கு முன் ஒரு ஹாரன்

பண்ருட்டியில் பலாப்பழக்காரரிடம் பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்தபோது அலைபேசி ஒலித்தது. நாகரத்தினம் அக்கா காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். பழத்தை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அக்காவிடம் திட்டு வாங்காதவர் நெய்வேலியில் உண்டா? சுரங்கத்தில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்தவர். கல்யாண வீட்டில்கூட சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். ஓய்வுக்குப் பிறகு திட்ட ஆள் குறைந்துபோனதாலோ என்னவோ, கைதிகளின் குறை கேட்கும் சிறைப் பார்வையாளராகப் பெயர் கொடுத்தார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதோறும் போகும்போது துணைக்கு என்னையும் இழுத்தார். "நீ சிரிப்புக் கதை எழுதறவ. உள்ள இருக்கிறவங்களுக்கு அது வேணும்" என்றார். வெளியில் இருப்பவர்களே சிரிப்பதில்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெண்கள் பகுதியில் மல்லிகாவைப் பார்த்தோம். முந்திரி உடைக்கும் வேலையில் இருந்த, ஆட்டிசம் உள்ள பெண். வழக்கு முடியாமல் உள்ளே இருந்தார். திடீரென்று யாராவது தொட்டால் அலறித் தள்ளிவிடுவார். சோதனை போட வந்த வார்டரம்மாவைத் தள்ளியதற்குத் தண்டனையாக, அம்மாவைச் சந்திக்க விடவில்லை. வடக்குத்து கிராமத்திலிருந்து வந்த அம்மா வாசலோடு திரும்பியிருந்தார்.

"திமிருங்க மேடம். மூஞ்சப் பாத்துகூட பேச மாட்டா" என்றார் வார்டரம்மா.

"தொடறதுக்கு முன்னாடி சொன்னீங்களா?" என்றார் அக்கா.

"சொல்லிக்கினு இருந்தா வேல ஆவுமா? இது ஜெயிலுங்க, மைன்ஸ் இல்ல."

"மைன்ஸ்ல கரி போற பெல்ட் ஓட்றதுக்கு முன்னாடி ஹாரன் அடிப்போம். ஒரு மிஷின் ஓடப்போறத ஊருக்கே சொல்றோம். ஒரு மனுஷி மேல கை வெக்கப்போறத அவகிட்ட சொல்லக் கூடாதா?"

சிறைக் கண்காணிப்பாளர் அக்காவைத் தட்டிக்கழிக்கப் பார்த்தார். நாமெல்லோரும் முயன்று தோற்றதுதானே அது. கடைசியில், அப்படியே செய்து பாருங்கள் என்று வார்டரம்மாவிடம் சொன்னார்.

"மொதல்ல வலது கை, அப்புறம் இடது கை, அப்புறம் முதுகு" என்று வார்டரம்மா பாதிக் கிண்டலாகச் சொன்னார். மல்லிகா வலது கையை நீட்டினார். பிறகு இடது கையை. பிறகு தானாகவே திரும்பி நின்றார். வார்டரம்மாவுக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. அடுத்த சந்திப்பு நாளில் மல்லிகாவின் அம்மா உள்ளே வந்தார்.

அதன்பின் சந்தடியில்லாத ஓர் அறை, மணியடிக்குமுன் ஒரு வார்த்தை, அன்றைய வேலைகளைச் சுவரில் படமாக மாட்டுவது என்று ஒவ்வொன்றாக அக்கா கேட்டு வாங்கினார். படங்கள் என் கைவண்ணம். நான் வரைந்த குளியலறையைப் பார்த்து, "இது மாட்டுக் கொட்டா" என்றார் மல்லிகா. இத்தனை நேர்மையான விமர்சனம் என் கதைகளுக்குக்கூட வந்ததில்லை. அந்தக் கொட்டகை இப்போது ஆண்கள் பகுதியிலும் தொங்குகிறது.

நேற்று தனியாகப் போனேன். அக்கா ஊருக்குப் போயிருக்கிறார் என்று மல்லிகாவிடம் சொல்லிவிடலாமா என வழியெல்லாம் ஒத்திகை. "சுத்தி வளைக்காத, அவகிட்ட நேரா சொல்லு" என்று அக்கா என்னை எத்தனை முறை அதட்டியிருக்கிறார்!

"மல்லிகா, ஒரு கெட்ட சேதி சொல்லப்போறேன். அக்கா செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

அவர் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

"என்னிக்கு?"

"மாசத்து மொதச் செவ்வாக்கெழம."

அக்கா விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான்.