லேப்டாப் மூடியில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. தூக்கினால் செங்கல் கனம். அதன் மூடியில் ஒரு குங்குமப் பொட்டு, எத்தனை துடைத்தும் போகாமல் வெளுத்த கறையாக நிற்கிறது. இதைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் எல்லாரும் அலுத்துவிட்டார்கள். நான் கேட்டால்தானே!

பொட்டு வைத்தவர் எங்கள் மானேஜர். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு வால்வு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சர்வர், நான், என் லேப்டாப், அவ்வளவுதான். சர்வருக்குத் தனியாகத் திரை கிடையாது, பேருக்கு ஒரு கீபோர்டு மட்டும் செருகியிருக்கும். கோளாறு என்றால் லேப்டாப்பை மடியில் வைத்து, சர்வரின் முதுகில் ஒரு கேபிளைச் செருகுவேன். அது சொல்வதெல்லாம் என் திரையில் வரும். நான் தட்டுவது அதற்குப் போய்ச் சேரும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு திரிவதுபோல் நான் அந்தக் கேபிளோடு திரிந்தேன்.

மானேஜருடையது தலைமுறைகளாகப் பெங்களூரில் ஊறிய தமிழ்க் குடும்பம். கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் கன்னடம் கலந்துவிடும். ஆயுத பூஜை வந்தால் அவருக்குத் தலைகால் புரியாது. லேத்திலிருந்து ஸ்பானர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சர்வருக்கு மட்டும் ஓய்வே இல்லையே என்று மனுஷனுக்கு ஒரே வருத்தம். ஒரு வருஷம் முதலாளியிடம் வாதாடி, பூஜை நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்த அனுமதி வாங்கிவிட்டார். “திரும்ப ஓடலேன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றாராம் முதலாளி. கம்பெனியின் சரக்கு, ஆர்டர், கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அன்று சிவாஜிநகரில் பஸ் கிடைக்காமல் நான் போய்ச் சேருவதற்குள் பூஜை முடிந்துவிட்டிருந்தது. சர்வர் மாலையும் கழுத்துமாக நின்றது, பக்கத்தில் மானேஜர். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் பதில் சொல்லவில்லை.

“எங்கம்மா போயிட்டே? அரை மணியா இப்டியே நிக்குது. அய்யோ தேவரே, நானே கைய வெச்சுக் கெடுத்துட்டேன்!”

வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடிய மெஷினை நிறுத்தினால் மறுபடி எழாமலே போவதும் உண்டு. கேபிளைச் செருகி, சர்வரை ஒரு தடவை நிறுத்திப் போட்டேன். லேப்டாப் திரையில் வரி வரியாக வந்து ஓரிடத்தில் நின்றது. கீபோர்டைக் காணோம், தொடர வேண்டுமானால் எஃப்-ஒன் கீயை அழுத்து என்றது.

“சார், இதோட கீபோர்டு எங்கே?”

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால், ஸ்பானர்களுக்கு நடுவே, சந்தனம் பூசிக்கொண்டு அது சமத்தாக உட்கார்ந்திருந்தது. கழற்றிக் கொண்டுபோய் வைத்தவர் அவரேதான்!

எடுத்துவர எழுந்தேன். “பேடம்மா, வேண்டாம்! பூஜைல வெச்சத நாளைக்கு மறுபூஜை முடியறவரைக்கும் தொடக்கூடாது.” வேலை போகிற நேரத்திலும் மனுஷன் மசியவில்லை. நல்லவேளை, என் லேப்டாப் பூஜைக்கு வந்து சேரவில்லை. அதிலேயே எஃப்-ஒன்னை அழுத்தினேன். வரிகள் மளமளவென்று ஓடின. பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் சரக்குக் கணக்கு திறந்தது. அப்பாடா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் குங்குமத்தைத் தொட்டு லேப்டாப் மூடியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

இன்று நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. பொட்டு வைக்கலாம் என்றாலும் எங்கே வைப்பது? ஓய்வு பெற்ற மானேஜர் மட்டும் ஆயுத பூஜை தவறாமல் போன் செய்து, “கீபோர்டு எடத்துலயே இருக்காம்மா?” என்று கேட்பார். போன தடவை, அன்று அவ்வளவு நேரம் நன்றி சொன்னீர்களே என்று பேச்சை எடுத்தேன்.

“நன்றியா? நீ வர்ற வரைக்கும் சரஸ்வதிய கண்டபடி திட்டிட்டேன்மா. கீபோர்ட எடுத்தது நான், திட்டு வாங்கினது அவ. மன்னிப்பு கேட்டுட்டிருந்தேன்.”

“மன்னிச்சாளா சார்?”

“உனக்கு பஸ் கெடைக்காம பண்ணி, லேப்டாப்ப பூஜைல மாட்டாம வெச்சாளே, நான் திட்றதுக்கு முன்னாடியே மன்னிச்சிட்டா.”

போனை வைத்ததும் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, லேப்டாப்பை எடுத்துத் தூசு தட்டினேன். பொட்டை மட்டும் துடைக்கவில்லை.