வாய்க்காலை அடைத்த சனிக்கிழமை

எங்கள் ஊருக்கு மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. கண்மாய்தான் மைதானம். அரிமளத்துப் பக்கம் பல ஊர்களில் இதே கதைதான். தண்ணீர் வற்றியதும் கருவேலத்தை வெட்டி, கிராவல் கொட்டி உருட்டினால் பிட்ச் தயார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சித்திரை, வைகாசி இரண்டு மாதம்தான் ஆட்டம். இப்போது ஐப்பசியிலும் ஆடுகிறோம். முப்பது வயது தாண்டியும் விக்கெட் கீப்பராக நிற்கிற எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். மழை பொய்த்ததில் சந்தோஷப்பட்டேன் என்று வெளியே சொல்ல முடியுமா? சொல்லிக்கொள்ளவில்லை.

அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான்தான் எங்கள் டீமுக்கு முதல் ஓவர் போடுகிறவர். கண்மாய் மடைக்குக் கீழே அவர்களுக்கு ஒரு ஏக்கர். அந்த வருடம் ஆவணியிலேயே காய்ந்த புழுதியில் நெல் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். இரண்டு சில்லறைத் தூறலில் பயிர் எழும்பியும் விட்டது. வயலைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அக்கா. மச்சான் வாடகை டிராக்டர் ஓட்டுவார், மிச்ச நேரம் பந்து போடுவார். அக்கா அதற்காக அவரை வாய் ஓயாமல் திட்டுவாள், அவருடைய ஜெர்சியைத் துவைத்து மடித்து வைப்பதும் அவள்தான்.

அந்த ஐப்பசியில் பல வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கண்மாயிலேயே ஆட்டம். சனிக்கிழமை மத்தியானம் திருமயத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிட்ச் மேல் தார்ப்பாய் போட்டுவிடலாம். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் எங்கள் மைதானத்துக்குள்தான் வந்து விழுகிறது. அதற்கு என்ன செய்வது?

மச்சான்தான் சொன்னார். "மாப்ள, வாய்க்கா வாயில மணல் மூட்டைய அடுக்கிருவோம். தண்ணி அங்கிட்டு ஓடையில போயிரும். நாளைக்கிச் சாயங்காலம் பிரிச்சு விட்ருவோம்."

"வயலுக்குத் தண்ணி வேணாமா மச்சான்?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே மூட்டையைத் தூக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஐப்பசி மழ ஒரு நாளோடயா நிக்கும்? அடுத்த வாரமும் ஊத்தும்டா."

அவர் சொன்னது தப்பில்லை. நாங்கள் சிறுபிள்ளைகளாய் இருந்தபோது ஐப்பசி என்றால் துணி காயாது.

மழை என்றால் அப்படி ஒரு மழை. மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதை இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து மூட்டைகளில் முட்டியது, கொஞ்சம் யோசித்தது போல நின்றது, பிறகு ஓடைப் பக்கம் திரும்பியது. நாங்கள் விசில் அடித்தோம். மச்சான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மழையிலேயே ஆடினார். எங்கள் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போவதைப் பார்த்து ஆடியவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

மறுநாள் உமி கொட்டி ஈரத்தை உறிஞ்சவிட்டு ஆடினோம். ஜெயித்தோம். மச்சான் நாலு விக்கெட். சொன்னபடியே சாயங்காலம் மூட்டைகளைப் பிரித்தோம்.

அதற்குப் பிறகு மழை வரவில்லை. ஐப்பசி முடிந்தது, கார்த்திகையும் முடிந்தது. வயலில் வெடிப்பு விழுந்தது. மச்சான் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு முறை ஊற்றிப் பார்த்தார். கதிர் வெளிவரப் பொதி தள்ளும் நேரத்தில் பயிர் நின்றபடியே வெளுத்துவிட்டது. வீட்டில் மச்சான் யாரோடும் பேசுவதில்லை. அக்காவும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்க்கிறவள் வாயை மூடிக்கொண்டால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்கழியில் ஒரு காலையில் பயிரை மாட்டுக்கு விடப்போவதாகச் சொன்னார்கள். மனசு கேட்காமல் வயலுக்குப் போனேன். அக்கா வேலிப் படலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டென்று போட்டு உடைத்தேன்.

"அக்கா, அன்னைக்கி வாய்க்கால அடைச்சது நாங்கதான். மச்சான் மேல மட்டும் கோவப்படாத. நானும்தான் மூட்ட தூக்குனேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்டா. மழ விழுகுறப்பவே மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். நாலு மூட்டையத் தள்ளுனாப் போதும், கம்மாக்குத் தண்ணி வந்திருக்கும்."

"அப்பறம் ஏன் தள்ளல?"

"ஒங்க மச்சான் ஆடிக்கிட்டு இருந்தாரு. கலியாணமான நாள்லருந்து அந்த மனுசன் அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. போகட்டும், இன்னொரு மழ வராமலா போயிரும்னு நானும் திரும்பி வந்துட்டேன்."

படலைத் தூக்கி ஓரமாக வைத்தாள். மாடுகள் உள்ளே நுழைந்தன. "அவருகிட்ட இதச் சொல்லிராத," என்றாள். "தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவரு சந்தோசத்துக்காக நானும் பாத்துக்கிட்டே விட்டுட்டேன்னு தெரிஞ்சா, அவரு இனி பந்தையே தொட மாட்டாரு."