பெரியவரின் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வரிகள்

எங்கள் நூலகத்தில் அட்டவணைப் பிரிவு என்று ஒன்று இருப்பது படிக்க வருபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், ஒரே ஜன்னல் உள்ள அறை. அங்கே இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் அக்கா. என் கூடப் பிறந்தவர் அல்ல. கீழே கவுண்டரில் நிற்கும் என்னிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கணினி சொன்னால் அது அவர் கைவண்ணம். சொல்லாமல் போனால் வாசகரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான். ஆகவே அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

போன வருஷம் புதிய மென்பொருள் வந்தது. கூடவே புதிய இயக்குநரும் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் புள்ளிவிவரம். ஒரு நாள் அக்காவிடம், "பட்டியலா பாக்கற வசதியை எடுத்துடலாம்னு இருக்கேன். நூத்துல மூணு பேர்தான் அதைத் தொடறாங்க. மத்தவங்க ரெண்டு வார்த்தை அடிச்சுத் தேடிட்டுப் போயிடறாங்க" என்றார்.

பட்டியல் என்பது, ஒருவர் பெயரைத் தட்டினால் அவருடைய எல்லாப் படைப்புகளும் வரி வரியாக வந்து நிற்பது. பத்துப் புத்தகம் எழுதியவருக்குப் பிரச்சினை இல்லை. எழுதித் தள்ளியவர்களிடம்தான் வம்பு, அதிலும் இசையமைத்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். எங்களிடம் அப்படி ஒரு மேல்நாட்டு இசையமைப்பாளர் இருக்கிறார். செத்து இருநூறு வருஷம் ஆகியும் எங்களை விடவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பெரியவர்’. தட்டினால் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வரிகள். ஒரே படைப்பின் இசைக்குறிப்பை ஏழு பதிப்பகங்கள் ஏழு மொழிகளில் அச்சிட்டிருக்கும். அட்டையில் இருந்த தலைப்பே பட்டியலிலும் ஏறியதால் அது ஏழு இடத்தில் சிதறிக் கிடந்தது. கணினி தன் பங்குக்குப் படைப்பு எண்களை ஒன்று, பத்து, பதினொன்று, அப்புறம்தான் இரண்டு என்று அடுக்கி வைத்திருந்தது. இதில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டி யார் போவார்கள்? நானே போக மாட்டேன்.

"யாரும் தொடலைன்னா பட்டியல் வேண்டாம்னு அர்த்தம் இல்ல சார், நாம வெச்சிருக்கற லட்சணம் அப்படி" என்றார் அக்கா. "ஒரு மாசம் குடுங்க. பெரியவர் ஒருத்தரை மட்டும் சரி பண்ணிக் காட்டறேன். அப்பவும் பிரயோஜனம் இல்லன்னா எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாடியேறிப் போய்விட்டார்.

அக்கா அட்டையை நம்புகிற ரகம் இல்லை. தள்ளுவண்டி தள்ளுவண்டியாக இசைப் புத்தகங்களை மேலே வரவழைத்து, ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஒரு படைப்புக்கு ஒரே பெயர். எந்த மொழியில் அச்சானாலும் அந்தப் பெயருக்குக் கீழேதான் நிற்க வேண்டும். முழுத் தொகுப்புகள் மேலே, பிறகு வாத்தியம் வாரியாக, அதற்குள் எண் வாரியாக. எண்ணில் மட்டும் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றார். வழி சொன்னது அவர் கணவர், பஸ் டிரைவர்.

"எங்க டிப்போவுலயும் இதே ரோதனைதான். ரெண்டாம் நம்பர் வண்டியை 02-ன்னு பதிஞ்சோம், தன்னால வரிசைக்கு வந்துடுச்சு. இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

மறுநாள் அக்கா கவுண்டரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாரம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு இறங்கி வந்தார். ஒரே அட்டைக்குள் இரண்டு படைப்புகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். முதலாவது மட்டும் பதிவாகியிருந்தது. பதிந்தவர் என்று பென்சிலில் போட்டிருந்த கையெழுத்து அக்காவுடையது.

"இந்த ரெண்டாவது, குழுவா பாடற பாட்டு. ஒம்பது வருஷம் முன்னாடி பாட்டு டீச்சர் வந்து கேட்டாங்க. நம்மகிட்ட இல்லன்னு நானே சொன்னேன்."

பாட்டு டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது பேர் பாடும் குழுவை நடத்துபவர். எங்கள் புகார் நோட்டில் பாதிக்குமேல் அவர் எழுதியதுதான்.

"யாருக்குத் தெரியப்போவுது? கமுக்கமா ஏத்திடுங்க அக்கா."

"அவங்களுக்குத் தெரியணும்."

அதோடு விட்டாரா? பட்டியலைச் சோதித்துப் பார்க்க அந்த டீச்சரையே கூப்பிடச் சொல்லி இயக்குநரிடம் கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டீச்சர் வந்த அன்று கவுண்டரில் ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்’ பலகையை வைத்துவிட்டு நானும் மேலே போனேன். டீச்சர் உட்காருவதற்கு முன்பே அக்கா அந்தப் புத்தகத்தை நீட்டினார்.

"நீங்க அன்னிக்குக் கேட்டது இதுல இருந்திருக்கு. நான் பதியாம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

இயக்குநரின் புருவம் ஏறியது. இனி பட்டியல் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அந்த வருஷம் வேற ஒண்ணைப் பாடினோம். எங்க யாருக்கும் அதுல மனசே இல்ல" என்றார் டீச்சர். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவரின் பெயரைத் தட்டினார்.

ஒன்பது தலைப்புகள் மட்டும் வந்தன. குழுப்பாடல்களைத் திறந்தார். ஒரு பெயர், அதன் கீழ் எங்களிடம் உள்ள ஏழு பிரதிகள். அடுத்தது. அதற்கடுத்தது. "இதுவும் இருக்கா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். இருபது நிமிடம் கழித்து இயக்குநர் கனைத்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"கொஞ்சம் இருங்க" என்றார் டீச்சர், திரும்பாமலே.

இயக்குநர் சற்று நேரம் நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம், அவ்வளவு பெருமையாக இருந்தது.

டீச்சர் எழுந்தபோது தாளில் பதினோரு பெயர்கள் இருந்தன.

"இத்தனையும் இத்தனை வருஷமா இங்கதான் இருந்துச்சா?" என்று அக்காவைக் கேட்டவர், இயக்குநர் பக்கம் திரும்பினார். "இந்தப் பட்டியலை எடுக்கப்போறதா கேள்விப்பட்டேனே?"

"யார் சொன்னது?" என்றார் இயக்குநர், கண்ணிமைக்காமல். பிறகு அக்காவிடம் மெதுவாக, "இவரை மாதிரி எழுதிக் குவிச்சவங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"நாப்பத்தோரு பேர் சார். ஆளுக்கு ஒரு மாசம்" என்றார் அக்கா. "நான் ரிட்டயர் ஆக நாப்பத்திமூணு மாசம் இருக்கு."