மணலுக்குள் போன மஞ்சள் மீன்

எங்கள் வீட்டு ஹாலில் சின்னதாக ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. அதில் வளரும் பவள உயிர்களைக் கடிக்காத மீனாக விசாரித்து, பளிச்சென்ற மஞ்சளில் 'ராஸ்' என்ற வகை மீன் ஒன்றை வாங்கி உள்ளே விட்டோம். சாயப்பட்டறை வைத்திருக்கும் என் கணவர், "நம்ம பட்டறையில கூட இப்படியொரு மஞ்சள் வராது அம்மிணி" என்று பூரித்துப்போனார்.

மறுநாள் காலையில் மீனைக் காணோம். வெளியே துள்ளி விழுந்திருக்குமோ என்று சோபாவை நகர்த்தி, டார்ச் அடித்துத் தேடினோம். "நீங்கதானுங்க மூடியச் சரியா மூடல" என்று அவரிடம் கோபித்துக்கொண்டேன். உள்ளே செத்துக் கிடந்தால் தண்ணீர் கெட்டுவிடுமே என்று மணலைக் கிளறக் குச்சியும் எடுத்துவிட்டேன். அதற்குள் அவர் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அய்யோ, கிளறாதீங்க! புது இடம்னு பயந்து மணலுக்குள்ள புதைஞ்சிருக்கும். அது தூங்கறதே அங்கதானுங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மதியம் சாப்பிடும்போது தொட்டியில் மணல் லேசாக அசைந்தது. மஞ்சள் மூக்கு ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. "வந்துட்டானுங்க!" என்று நான் கத்திய கத்தலில் கணவர் சோற்றுக்கையோடு ஓடிவந்தார்.

இப்போதெல்லாம் எந்த மீன் வாங்கினாலும், பவளத்தைக் கடிக்குமா என்பதோடு எங்கே தூங்கும் என்றும் கேட்டுவிடுகிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்!

– கோகிலா, சாமளாபுரம்