ஊருக்கே சோடா

உங்கள் தாத்தாவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்துக்காலிட்டு, எழுந்து ஓடத் தயாராகத்தான் இருப்பார். கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்குள் மணையை விட்டு இரண்டு தடவை எழுந்துவிட்டார். மூன்றாவது தடவை எழப் பார்த்தபோது அவர் வேட்டி நுனியை என் முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அவருக்கே தெரியாது. கால் மரத்துப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

அப்படிப்பட்ட மனிதரைத் தறிக்குழியில் உட்கார வைக்க வேண்டும் என்று என் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஆசை. அம்மையார்குப்பத்தில் அவருக்கு ஆறு தறி. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்கா மகன். எனக்கு அத்தை மகன், பாவா. கல்யாணத்துக்கு முன்னால் நாலு மாதம் உட்கார்ந்தும் பார்த்தார். குழிக்குள் காலை விட்டால் கால் ஒரு பக்கம் ஆடும், வாய் ஒரு பக்கம் பேசும், நூல் கொண்டு ஓடும் நாடா எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனம் இருக்காது. அவர் நெய்த புடவையில் கரை பாம்பு மாதிரி நெளிந்தது. அதை யாருக்கும் விற்க முடியாமல் எனக்கே கட்டக் கொடுத்தார்கள்.

நின்றுகொண்டே செய்கிற தொழில் என்ன என்று தேடித் தேடி, கடைசியில் சோடா மிஷினைக் கண்டுபிடித்தார் தாத்தா. திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் நைனாவுக்கு ஒரு அறை இருந்தது. நூல் மூட்டை போட்டு வைத்திருந்த இடம். அதில் மிஷினை இறக்கினார். கோலி சோடா பாட்டில்களைக் கம்பிக் கூண்டில் மாட்டி, காஸைத் திறந்துவிட்டு, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பாட்டில் தலைகீழாக உருளும்போது கோலி வந்து கழுத்தில் அடைத்துக்கொள்ளும். சில பாட்டில் வெடிக்கும். அதற்காகக் கழுத்திலிருந்து முழங்கால் வரை கோணியைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அரிசி மூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும். அவருக்கு மட்டும் ராஜா உடை.

இடம் தன்னுடையது என்பதால் நைனா ஒரு கெடு வைத்தார்.

"இன்னாப்பா மாப்ள, ஆடிக் கிருத்திக வருது. நீ அடிச்சி வெக்கிற பாட்டிலு அத்தினியும் அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள காலியாவணும். ஒண்ணு மீந்தாலும் மிஷின வித்துட்டு, தறில வந்து குந்தணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா."

"அப்பால பேச்சு மாறக் கூடாது."

"எங்க கடையில சொன்ன சொல்லு சொன்னதுதான் மாமா," என்றார் கோணியைத் தட்டிக்கொண்டு.

அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. கூட்டத்தைக் கூப்பிட ஒரு வாசகம் வேண்டுமாம். மூன்று நாள் முனகி முனகி, நாலாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பாதி வாய் நுரையோடு ஓடி வந்தார்.

"கெடச்சிடுச்சி மே! 'ஊருக்கே சோடா! ஊருக்கே சோடா!' எப்டி கீது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெலுங்கில் 'ஊரிகே' என்றால் சும்மா, காசில்லாமல். எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாதவர் யார்? அவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் தான் கட்டிய வாசகத்தில் மயங்கிக் கிடந்தவருக்கு அன்றைக்கு ஒரே காதுதான் வேலை செய்தது.

"பாவா, நகரி, புத்தூர் தெலுங்கு ஜனங்க வருவாங்களே. அவங்க காதுல..."

"ரெண்டாங்கிளாஸ் படிச்ச உனுக்கு இன்னா தெரியும்? யாவாரத்த நான் பாத்துக்கறேன்."

சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் ரெண்டாங்கிளாஸைத் தாண்டாதது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவர் மூன்றாங்கிளாஸில் மூன்று வருஷம் இருந்தவர்.

கிருத்திகை வந்தது. ஐயோ, அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்வேன்! ரயிலில் வந்து இறங்குகிற மஞ்சள் துணி ஒரு பக்கம், பஸ்ஸில் வந்து இறங்குகிற மஞ்சள் துணி இன்னொரு பக்கம். தெரு முழுக்கப் பூக்காவடி. பம்பைச் சத்தம் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது. மொட்டைத் தலைகளில் பூசிய சந்தனம் வாசனை தூக்கியது. "அரோகரா!" என்று ஒரு குரல் எழுந்தால் மலை உச்சி வரைக்கும் பதில் போகும். கடையில் பன்னிரண்டு பெட்டி பாட்டில், கழுத்துக் கழுத்தாகக் கோலி அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றது. எனக்கு ஆறு மாதம், உங்கள் அப்பா வயிற்றில். மிஷினைச் சுற்ற முடியாது என்று ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

எல்லாம் இருந்தது. வெயில் மட்டும் இல்லை.

காலையிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. மலைக்காற்று சிலுசிலு என்று அடித்தது. நடுங்கிக்கொண்டு போகிற ஜனத்துக்கு சோடா எதற்கு? டீக்கடையில் இடமில்லை, எங்கள் கடையில் ஆளில்லை. தகரத்தைச் சுருட்டிச் செய்த ஊதுகுழலை வாயில் வைத்து உங்கள் தாத்தா கத்து கத்து என்று கத்தினார். மதியத்துக்குள் ஒன்றரைப் பெட்டி போனது. அதோடு அவர் தொண்டையும் போனது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

நின்றுகொண்டே இருந்தவர் அப்போதுதான் உட்கார்ந்தார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு, தானாகவே உட்கார்ந்தார். தறிக்குழியில் உட்கார்ந்தால் அந்த முகம் எப்படி இருக்கும் என்று அப்போதே பார்த்துவிட்டேன்.

ஊதுகுழலை என்னிடம் நீட்டினார். அதே நேரம் நகரிப் பக்கத்து பஸ் நான்கு ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

ஆறு தறிச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்த தொண்டை எனக்கு. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டேன். "ஊருக்கே சோடா!" என்று ஒரு சத்தம் போட்டேன். கத்துகிற அவசரத்தில் நடுவில் இருந்த 'க்'கைக் கொஞ்சம் விழுங்கியிருப்பேன். கொஞ்சந்தான்.

முன்னால் வந்தவள் ஒரு கிழவி. மொட்டையடித்த பேத்தி இடுப்பில்.

"ஊரிகேனா அம்மா?"

"ஆங், ஊரிகே. தீஸ்கோண்டி," என்றேன். சும்மாதான், எடுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பழக்கத்தில் எழுந்து கோலியை அழுத்தி, டொப்பென்று திறந்து கொடுத்தார். பேத்தி குடித்தாள், கிழவி குடித்தாள். காசு எடுப்பாள் என்று இவர் கையை நீட்டினார். கிழவி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் வயிற்றைப் பார்த்து, "நீ கடுபு சல்லகுண்ட!" என்றாள். உன் வயிறு குளிர்ந்து இருக்கட்டும், பிள்ளை நல்லபடி பிறக்கட்டும் என்று வாழ்த்து.

அப்போதுதான் அவருக்கு அந்த இன்னொரு காது திறந்தது. என்னைப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தைப் பார்த்தார். ஒரு கை தூக்கி "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். நீட்டிய கையை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றார் காற்றுக் குரலில். "நீ கத்து மே."

அப்புறம் நடந்தது சோடா வியாபாரம் இல்லை, திருவிழாவுக்குள் ஒரு திருவிழா! டொப், டொப், டொப் என்று வேட்டு மாதிரி. தூறலாவது, குளிராவது! காவடி எடுத்தவருக்குத் தோளில் காவடி இருக்கும்போதே வாயில் ஊற்றினார். ஒரு பாட்டி குடித்துவிட்டு ஏப்பத்தோடு அரோகரா போட்டாள். எல்லோரும் போகும்போது என் வயிற்றை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வாங்கிய வாழ்த்துக்கு உங்கள் அப்பா இன்னும் நாலு விரல் உயரமாகவே பிறந்திருக்கலாம்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரே ஒரு பாட்டில் நின்றது. கோலி இறுகிப்போய் எத்தனை அழுத்தியும் இறங்கவில்லை. பஸ்ஸெல்லாம் போய்விட்டது, தெருவும் காலி. தெரு முனையில் நைனா வந்துகொண்டிருந்தார். மலையேறி இறங்கியதில் மூச்சு வாங்கியது.

தாத்தாவுக்கு முகம் செத்துப்போனது. நான் பாட்டிலை வாங்கி, ஒரு கட்டையால் கோலியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். டொப்!

"இன்னா நைனா, இப்டி மூச்சு வாங்குது? இந்தா, மொதல்ல குடி."

தாகத்தில் வந்த மனிதர், ஒரே மூச்சில் இழுத்துவிட்டு நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். அப்புறம்தான் கெடு ஞாபகம் வந்தது.

"எத்தினி பாட்டிலு மீந்துகீது? காட்டு பாக்கலாம்."

"ஒண்ணே ஒண்ணு மீந்துச்சி மாமா," என்றார் தாத்தா. "அது உங்க கைல கீது."

நைனா கையைப் பார்த்தார். பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கோலி கலகல என்றது.

"சரி, காசு எங்க?"

"அத நீங்க கேக்கலியே மாமா. காலியாவணும்னு தான சொன்னீங்க?"

நைனா முறைத்தார். பிறகு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "சோடா நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை எங்களுக்குக் காட்டாமல் திரும்பி நடந்தார். மிஷினை விற்கிற பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷக் கிருத்திகைக்கு அதே கிழவி வந்தாள். பின்னால் அவள் ஊரே வந்தது. "ஊரிகே சோடா கடை எக்கட?" சும்மா சோடா கடை எங்கே என்று ரயில்வே ஸ்டேஷனிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்களாம். தாத்தா பழைய ஞாபகத்தில் சும்மா நீட்டினார். "ஊரிகே ஒத்து நாயனா," சும்மா வேண்டாம் என்று சொல்லி, என் இடுப்பில் இருந்த உங்கள் அப்பாவின் கையில் காசை வைத்து மூடினாள்.

ஒரு மிஷின் மூன்றானது. திருத்தணியில் எந்தக் கல்யாணத்துக்கும் எங்கள் பன்னீர் சோடாதான். தலை நரைத்த பிறகும் உங்கள் தாத்தா கல்லாவில் உட்காரவில்லை, கோணியைக் கட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் அவர் காலைச் சுற்றி ஓடியது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார். கடைசி வருஷம் வரைக்கும் விடவில்லை.

"உண்மையச் சொல்லு மே. அன்னிக்குத் தெரிஞ்சிகினுதான கத்தின?"

நானும் ஒவ்வொரு வருஷமும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

"ரெண்டாங்கிளாஸ் படிச்ச எனுக்கு இன்னா பாவா தெரியும்?"